லாரி உரிமையாளர்களே, அந்த ஒரு நாள் லீவைக் கொடுத்துவிடுங்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரி, ரிக் வண்டி உரிமையாளர்களுக்கு வணக்கமுங்க.

நானும் இரண்டு வண்டி வைத்து ஓட்டியவன்தான். அதனால் கணக்காகவே பேசுகிறேன்.

எச்.ஐ.வி. பரிசோதனை அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இலவசம். தொற்றைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு 2004-இலிருந்து இலவசமாகத் தருகிறது. 2017-க்குப் பிறகு அந்த மருந்தைத் தொடங்க, சிடி4 என்கிற நோய் எதிர்ப்பு அணுக்கள் குறையட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. இவ்வளவு செலவழித்தும் ஆள் நழுவுகிற இடம் ஒன்று உண்டு: ரிசல்ட் சொல்லும் அறைக்கும் மாத்திரை தரும் அறைக்கும் நடுவில்.

என் டிரைவர் ஒருவர் அங்கேதான் நழுவினார். "ஒரு நாள் லீவு வேணுமுங்க, ஆஸ்பத்திரி வரைக்கும் போகோணும்" என்றார். நாக்பூர் லோடு ஏற்றி நின்றது. போயிட்டு வந்து பாத்துக்கலாம் என்று அனுப்பினேன். வந்தார், அடுத்த லோடு இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்துக் காசநோயில் படுத்தபோதுதான் அந்த லீவு எதற்கென்று அவரே சொன்னார். அந்த லோடில் எனக்கு என்ன மிஞ்சியது என்று இப்போது நினைவில்லை.

அமெரிக்காவில் ஓர் ஆய்வு, 2005-இல் வெளியானது. தொற்று புதிதாகத் தெரிந்தவர்களில் ஒரு பாதிப் பேரிடம் எங்கே போக வேண்டும் என்ற விவரத்தை மட்டும் கொடுத்தார்கள். மறுபாதிப் பேரை ஓர் ஊழியர் 90 நாளுக்குள் ஐந்து முறை வரை பார்த்துப் பேசினார். ஆறு மாதத்தில் டாக்டரிடம் போனவர்கள் முதல் பாதியில் 60 சதவீதம், மற்றதில் 78. செலவு ஆளுக்கு 600 முதல் 1,200 டாலர். அது அந்த ஊர்ச் சம்பளக் கணக்கு. இங்கே டிரைவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி, பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, அவ்வளவுதான். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு மூலம் மனைவிக்குத் தொற்றாது. அதையும் வரவில் எழுதுங்கள். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டு இன்ஜின் வேலைக்குக் கொட்டிக்கொடுத்த அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

நான் கேட்பது மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி லீவு. பேட்டாவோடு, எதற்கென்று கேட்காமல், எல்லா டிரைவர், கிளீனருக்கும். எல்லாருக்கும் என்றால்தான் யார் எதற்குப் போகிறார் என்ற பேச்சே எழாது. அப்புறம், நல்லெண்ணத்தில்கூட "டெஸ்ட் எடுத்துட்டு வா, வேலை தர்றேன்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். 2017-ஆம் வருஷ எச்.ஐ.வி. சட்டம் அதைத் தடுக்கிறது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் டீசல், டோல், இன்சூரன்ஸ் எல்லாம் பேசி முடித்ததும் இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். முதல் ஆறு மாதத்துக்குக் கூடப் போகிறவர் கூலியை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
வண்டியை விற்றுவிட்ட ஒரு பழைய உரிமையாளர்