போர் தொடாத நகரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் போலந்தின் கிராக்கோவ் நகரத்தைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். என் மகள் அங்கே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன வருடம் மே, ஜூன் இரண்டு மாதமும் அவளோடு இருந்துவிட்டு வந்தேன். (உள்ளூர்க்காரர்கள் ‘க்ராக்குஃப்’ என்கிறார்கள். என் வாயில் அது கடைசிவரை நுழையவில்லை.) நடந்து பழகிய தெருக்களை உங்கள் பத்திரிகையில் பார்த்ததில் சந்தோஷம். படங்களும் அருமை. ஆனால் இரண்டு இடத்தில் என்னால் தலையாட்ட முடியவில்லை.

முதலில் சின்ன விஷயம். மரியாள் தேவாலயத்தின் கோபுர உச்சியில் மணிக்கொரு தரம் ஜன்னலைத் திறந்து, தீயணைப்புத் துறை ஊழியர் ஒருவர் ஊதுகுழல் ஊதுகிறார். ‘ஹெய்னாவ்’ என்று அதற்குப் பெயர். நான்கு திசைக்கும் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் மெட்டு பாதியில் பொட்டென்று அறுந்துவிடும். 1241இல் தாத்தாரியப் படை (மங்கோலியர்) வந்தபோது ஊரை எழுப்ப ஊதிய காவலாளியின் தொண்டையில் அம்பு பாய்ந்தது, அவன் நிறுத்திய இடத்திலேயே இன்றும் நிறுத்துகிறார்கள் என்று கட்டுரையாளர் வரலாறாகவே எழுதியிருக்கிறார். வழிகாட்டி சொல்லியிருப்பார். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார், எனக்குக் கண்கூடக் கலங்கியது.

அன்று ராத்திரி மகள் வீட்டில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படையெடுப்பு உண்மை. ஊர் எரிந்ததும் உண்மை. ஆனால் இப்போது நிற்கும் தேவாலயமே அதற்குப் பிறகு கட்டியது. இந்த ஊதலைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 1392ஆம் ஆண்டின் நகரச் செலவுக் கணக்கில்தான் இருக்கிறது. அம்புக் கதை உலகம் முழுக்கப் பரவியது 1928இல் ஓர் அமெரிக்கர் எழுதிய சிறுவர் நாவலால். அதற்காக ஊதலைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போலந்து வானொலி 1927 முதல் நண்பகல் ஊதலை ஒலிபரப்பி வருகிறது. ஊதி முடிந்ததும் அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு கை வெளியே நீண்டு அசையும். கீழே நிற்கிற கூட்டம் பதிலுக்குக் கையாட்டும். நானும் எத்தனையோ நாள் ஆட்டியிருக்கிறேன். ‘என்பார்கள்’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும், அவ்வளவுதான்.

அடுத்ததுதான் என்னை எழுத உட்கார வைத்தது. ‘இரண்டாம் உலகப் போர் தொடாத நகரம்’ என்று கட்டுரையில் இரண்டு இடத்தில் வருகிறது. கட்டடங்களை மட்டும் சொன்னால் சரிதான். வார்சாவைப் போல இந்த ஊர் தரைமட்டமாகவில்லை. 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த 12 பாரம்பரிய இடங்களில் கிராக்கோவும் ஒன்று, பக்கத்திலிருக்கும் வியெலிச்கா உப்புச் சுரங்கம் இன்னொன்று. ஆனால் கட்டுரையாளர் வியந்து எழுதிய ஒவ்வொரு இடத்திலும் போர் நுழைந்திருக்கிறது. ‘மன்னர்களின் வாவெல் கோட்டை’யில் ஐந்து வருடம் குடியிருந்தவர் ஹன்ஸ் ஃபிராங்க், ஹிட்லர் அனுப்பிய ஆளுநர். கோப்பர்நிக்கஸ் படித்த பல்கலைக்கழகம் என்று பெருமையாகச் சொன்னாரே, அங்கே 1939 நவம்பர் 6ஆம் தேதி பேராசிரியர்களைக் கூட்டத்துக்கு வரச்சொல்லி, வந்த 180க்கும் மேற்பட்டவர்களை அப்படியே கைது செய்தார்கள். பெரும்பாலானோரைச் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். மரியாள் தேவாலயத்துக்குள் ‘ஐந்நூறு வருடமாக அசையாமல் நிற்கும்’ பலிபீடம்? வைட் ஸ்டாஸ் என்ற சிற்பி 1477இல் தொடங்கி 1489இல் முடித்த அந்த மரச் சிற்பத்தைப் போர் வருகிறது என்று தெரிந்ததும் போலந்துக்காரர்களே கழற்றி ஒளித்துவைத்தார்கள். ஜெர்மானியர் கண்டுபிடித்து நியூரம்பர்க்குக் கொண்டுபோனார்கள். 1946இல்தான் நாடு திரும்பியது. பழைய இடத்தில் மறுபடி நிறுத்த 1957 ஆகிவிட்டது.

(போகிறவர்களுக்கு ஒன்று: நண்பகலுக்குப் பத்து நிமிடம் முன்னால் உள்ளே இருங்கள். கன்னியாஸ்திரீ ஒருவர் நீளக் கழியோடு வந்து பலிபீடத்தின் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திறப்பார். ஆள் உயரத்தையும் தாண்டிய பொன் உருவங்கள் மெல்ல வெளிச்சத்துக்கு வரும். வாவெல் கோட்டைப் பழங்கதையில் வரும் டிராகனுக்குக் கொடுத்த அரைப் பக்கத்தில் இதற்கு நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.)

போருக்கு முன் கிராக்கோவில் நான்கு பேரில் ஒருவர் யூதர், கிட்டத்தட்ட 60,000 பேர். கட்டுரையில் அவர்கள் வாழ்ந்த கஷிமியெஷ் பகுதி ‘நல்ல சாப்பாட்டுக் கடைகள் உள்ள தெரு’ என்று ஒரு வரியில் போய்விட்டது. அங்கே ரெமு ஜெபக்கூடத்தை ஒட்டி ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நாஜிகள் உடைத்துப்போட்ட கல்லறைக் கற்களின் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து அதன் ஓரத்திலேயே ஒரு சுவராகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டில் பாதி எழுத்து, பக்கத்துத் துண்டில் வேறு யாருடையதோ மீதி.

அங்கிருந்து விஸ்வா ஆற்றின் நடைபாலத்தைத் தாண்டினால் பொட்குஷே. சுமார் 3,000 பேர் இருந்த தெருக்களில் 1941 மார்ச்சில் 15,000 யூதர்களை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். சுவரின் மேல்விளிம்பைக் கல்லறைக் கல்லின் வடிவத்தில் வளைத்தே கட்டினார்கள். ல்வோவ்ஸ்கா தெருவில் அதில் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. 1942இல் ரயில் ரயிலாக பெவ்ஜெட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் மிச்சமிருந்தவர்களையும் காலி செய்தார்கள்.

இதெல்லாம் தெரியாமல்தான் நான் அங்கே முதலில் போனேன். முழங்கால் வலி. டிராம் நிறுத்தத்தில் ஓர் இரும்பு நாற்காலி காலியாக இருந்தது. குடையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து, கையிலிருந்த ‘ஒப்வஜானெக்’கைப் பிட்டுத் தின்ன ஆரம்பித்தேன். (முறுக்கிச் சுற்றி, வெந்நீரில் போட்டெடுத்துச் சுடுகிற ரொட்டி வளையம், எள் தூவியது. தெருமுனை வண்டிகளில் விற்கும்.) நிமிர்ந்து பார்த்தால் சதுக்கம் முழுக்க நாற்காலிகள். நம்மூர் நாற்காலியைவிடப் பெரியவை, ஒன்றிலும் ஆள் இல்லை. “இதென்னடி, கல்யாண மண்டபத்தில் போட்டு வைத்தமாதிரி?” என்று மகளிடம் கேட்டேன். அவள்தான் சொன்னாள். கெட்டோவை (சுவருக்குள் யூதர்களை அடைத்துவைத்த அந்தப் பகுதியை) காலி செய்த பிறகு, வீடுகளிலிருந்து வெளியே எறிந்த மேஜை நாற்காலிகள்தான் இந்தச் சதுக்கத்தில் கிடந்தனவாம். அந்த நினைவாக 2005இல் வைத்தவை இவை. நான் சட்டென்று எழுந்துவிட்டேன். “உட்காரும்மா, நிறுத்தத்தில் இருக்கிற சின்ன நாற்காலிகள் உட்காரத்தான்” என்றாள். ரொட்டியை மட்டும் பைக்குள் வைத்துவிட்டேன்.

சதுக்கத்தின் ஓரத்தில் ‘கழுகு மருந்துக்கடை’ இப்போது அருங்காட்சியகம். அதை நடத்திய ததேயுஷ் பான்கியேவிச் யூதரல்லாதவர். சுவருக்கு உள்ளேயே கடையைத் திறந்துவைத்து, முடிந்த உதவியெல்லாம் செய்தவர். மருந்து அலமாரிகளைத் திறந்து பார்க்க விடுகிறார்கள். அரை நாள் ஒதுக்குங்கள்.

பழைய நகரத்திலிருந்து இந்தச் சதுக்கம் டிராமில் கால் மணி நேரம். கட்டுரையாளரும் பேட்டரி வண்டியில் ஊரைச் சுற்றியபோது இந்தப் பக்கம் வந்திருக்கலாம், அந்த வண்டிகள் வந்து நின்று ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுகின்றன. அடுத்த இதழில் திருத்தமாக இரண்டு வரி போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஸ்ரீரங்கம்

பி.கு.: பழைய நகரத்தின் பெரிய சந்தைச் சதுக்கப் படத்துக்குக் கீழே ‘நகர மண்டபம்’ என்று அச்சாகியிருக்கிறது. அது சுகியென்னிட்சே, பழைய துணிச் சந்தை. நகர மண்டபத்தை 1820இலேயே இடித்துவிட்டார்கள். அதன் கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது, உங்கள் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு.