ஆத்தை அளந்து பார்க்க ஒரு நாள் குடுங்க: நெல்லைச் சீமை ஹெச்.எம்.களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், பள்ளி மேலாண்மைக் குழு எஸ்.எம்.சி.ல இருக்குற அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டை பக்கத்துல ஒரு மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல பூகோளம் எடுக்குதேன். கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான், வருஷத்துல ஒரு முழு நாள் பிள்ளைகளைக் களப்பணிக்குக் கூட்டிட்டுப் போக விடுங்க. டூர் கேக்கல. கொடைக்கானலுக்கு பஸ் புக் பண்ணிப் போயிட்டு வாரதும் பிள்ளைகளுக்கு வேணும்தான், ஆனா அதையே களப்பயணம்னு எழுதி ஃபைல மூடிடுதோம்ல, அதுதான் எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. களப்பணின்னா கையில ஒரு கேள்வியோட போகணும், அளக்கணும், எழுதணும், திரும்பி வந்து உக்காந்து மேப் போடணும்.

இதுக்கு நம்ம சீமை மாதிரி வாச்ச இடம் வேற எங்க இருக்கு சொல்லுங்க. பொதிகையில பொறந்து புன்னக்காயல் பக்கம் கடல்ல சேருற நம்ம தாமிரபரணி ஆறு, சுமார் 128 கிலோமீட்டர், மலையில இருந்து கடல் வரைக்கும் முழுசும் தமிழ்நாட்டுக்குள்ளயே ஓடுது. ஆத்தோட மேல்பகுதி நடுப்பகுதி கீழ்ப்பகுதின்னு பாடப்புத்தகத்துல படமா இருக்குறதை நம்ம பிள்ளைங்க காலையில கிளம்பி சாயந்திரத்துக்குள்ள கண்ணால பாத்துட்டு வந்திரலாம். மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது நமக்கு இங்கன காத்தும் கொஞ்சம் சாரலும்தான், நாங்குநேரி ராதாபுரம் பக்கம் அதுவும் கிடையாது. மழை மறைவுப் பிரதேசத்துல குடியிருக்குற பிள்ளை அதை மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டிருக்கு.

செலவுக்குப் பயப்படாதீங்க. ஒரு வாய்க்கால் போதும், நம்ம பக்கம் பாளையங்கால், ஆத்துக்கு அந்தக் கரையில கோடகன் கால், அம்பை பக்கம்னா கன்னடியன் கால். கரையில நேரா ஓடுற இடமா பாத்து 10 மீட்டர் டேப் பிடிச்சு ரெண்டு குச்சி நட்டு, மேல்முனையில தென்னங்குரும்பை ஒண்ணைப் போட்டு கீழ்முனைக்கு வர எத்தனை விநாடின்னு செல்போன்ல பாக்கணும், அஞ்சாறு தடவை போட்டு சராசரி எடுக்கணும். குரும்பை ஏன்னா அது பாதி முங்கி மிதக்கும், காத்து தள்ளிட்டுப் போகாது, காஞ்ச இலையைப் போட்டா தண்ணி வேகம் வராது காத்து வேகம்தான் வரும். ஆழத்துக்கு வாய்க்கால் பாலத்து மேல நின்னு கயித்துல கல்லைக் கட்டி அங்கங்க இறக்குனா போதும். 3 மீட்டர் அகலம், சராசரி அரை மீட்டர் ஆழம், குரும்பை 20 விநாடியில வருதுன்னு வைங்க, வேகம் விநாடிக்கு அரை மீட்டர், மேல்தண்ணி அடித்தண்ணியை விட வேகமா ஓடும்ங்கறதால 0.85 ஆல பெருக்கிக்கணும். அகலம், ஆழம், இந்த வேகம் மூணையும் பெருக்குனா மொத்தமா விநாடிக்குக் கிட்டத்தட்ட 640 லிட்டர், கன அடிக் கணக்குல 22 சொச்சம். தினமும் பேப்பர்ல பாபநாசத்துல இத்தனை கன அடி திறப்புன்னு போடுதான்ல, இந்தக் கணக்கைக் கையால போட்ட பிள்ளைக்கு அன்னைக்குத்தான் அந்த நம்பர் தண்ணியா தெரியும்.

இன்னொண்ணு, இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்குதேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் நம்ம யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் பெய்யுற மழையை விட ஜாஸ்தி. மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கைலாசபுரம்னு ஜங்ஷன் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. அந்தத் தெருக்கள்ல சுவத்துல சேத்துக் கோடு இன்னும் இருக்குற வீடு இருக்கும், வெள்ளை அடிச்ச வீடும் இருக்கும், வெள்ளை அடிச்சிட்டா அந்தக் கோடு வீட்டுல உள்ளவங்க ஞாபகத்துல மட்டும்தான். பிள்ளைங்க ரெண்டு மூணு பேரா போய் "ஆச்சி, தண்ணி எது வரைக்கும் வந்துச்சு, எத்தனை மணிக்கு ஏறிச்சு, எப்ப வடிஞ்சது"ன்னு கேட்டு, ஆச்சி கை காட்டுற உயரத்தைத் தரையில இருந்து டேப் வச்சு அளந்து தெரு மேப்ல குறிச்சா அது அந்தப் பள்ளிக்கூடத்தோட சொந்த வெள்ள மேப். 1992 வெள்ளத்தைப் பாத்தவங்களும் இருக்காங்க, அவங்க கிட்ட ரெண்டையும் ஒப்பிட்டுக் கேக்கலாம். கேக்குற முறையையும் வகுப்புலயே பழக்கணும், வீடு இழந்தவங்க கிட்ட போய் வாசல்ல நின்னுக்கிட்டு நோட்டை நீட்டக் கூடாது, முதல்ல யாரு எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்லணும், அவங்க வேண்டாம்னா வந்திரணும்.

திசையன்விளை பக்கத்துப் பள்ளிக்கூடமா, ஆறு தூரமா, பரவாயில்ல, தேரின்னு செம்மணல் காடு இருக்கு. ரெண்டு பக்கமும் திறந்த பழைய பெயிண்ட் டின்னை மண்ணுல அழுத்தி ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு பாருங்க. தேரி மண்ணு ஊத்த ஊத்த குடிச்சிரும். மானூர் பக்கம் காஞ்ச கரிசல்ல ஊத்துனா முதல்ல வெடிப்புல சரசரன்னு இறங்கும், ஈரம் பட்டதும் மண்ணு உப்பி வெடிப்பு மூடிக்கிடும், அதுக்கப்புறம் தண்ணி அப்படியே நிக்கும். ரெண்டு பள்ளிக்கூடமும் கணக்கை வாட்ஸ்அப்ல மாத்திக்கிட்டா போதும்.

இப்ப பயத்துக்கு வாரேன். ஒரு பள்ளிக்கூடத்துல அனுமதிக் கடிதம் நீட்டுன டீச்சரை "ஆத்துப் பக்கமா, ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்லுதது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தப் பயத்தை நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன். ஆத்துக்குள்ள மணல் அள்ளுன குழி வெளிய தெரியாது, கீழ மழையே இல்லாட்டியும் அணை திறந்தா தண்ணி ஏறும், வருஷா வருஷம் பிள்ளைகளைப் பறிகொடுக்குதோம். அதனாலதான் சொல்லுதேன், ஆத்துல யாரும் கால் வைக்கவே வேண்டாம், வாய்க்கால்லயும் இறங்க வேண்டாம், மேல சொன்ன அளவு எல்லாம் கரையில இருந்தும் பாலத்துல இருந்தும் எடுக்கறதுதான். கூட்டிட்டுப் போற டீச்சர் முந்தின வாரம் அதே நேரத்துல அதே பஸ்ல போய் இடத்தைப் பாத்துட்டு வரணும், பாத்ரூம் எங்க, நிழல் எங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்க, செல்போன் சிக்னல் கிடைக்குதா, எல்லாம். நீர்வளத்துறை ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கணும். பொம்பளப் பிள்ளைங்க வந்தா பொம்பள டீச்சர் கட்டாயம் கூட வரணும், பாத்ரூம் இல்லாத இடம்னா இடத்தை மாத்துங்க, பிள்ளைகளை விட்டுட்டுப் போயிராதீங்க. முண்டந்துறை, மாஞ்சோலைன்னு புலிகள் காப்பகத்துக்குள்ள போகணும்னா வனத்துறை அனுமதி வேணும், முதல் வருஷத்துக்கு அது தேவையே இல்ல.

நாள் எப்பன்னா ஆகஸ்ட்தான் தோது. கார் சாகுபடிக்கு வாய்க்கால்ல தண்ணி ஓடுற காலம், காலாண்டுப் பரீட்சைக்கும் நாள் இருக்கு. ஆடி அமாவாசையை ஒட்டி பாபநாசம் பக்கம் போயிராதீங்க, கூட்டத்துல நிக்க முடியாது. ஐப்பசி கார்த்திகையில ஆத்துப் பக்கமே வேண்டாம். தை பொறந்துட்டா பிராக்டிகல், பப்ளிக்னு யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது.

போயிட்டு வந்த பிறகு மூணு பீரியடு தாங்க, அதுல கணக்குப் பாடமோ சயின்ஸோ எடுக்க அனுப்பிராதீங்க. மேப் போட்டு, வந்த அளவு ஏன் அப்படி வந்துச்சுன்னு பேசலைன்னா போனது வீண். அந்த நோட்டை எடைக்குப் போடாம லைப்ரரி பீரோவுல வைங்க, அடுத்த வருஷம் எட்டாப்பு பிள்ளைங்க அதே பாலத்துல அதே இடத்துல அளந்து ஒப்பிடட்டும். பத்து வருஷம் சேந்தா உங்க ஊர் வாய்க்காலைப் பத்தி உங்க பள்ளிக்கூடத்துல இருக்குற கணக்கு வேற எங்கயும் இருக்காது.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்ததும் டைம்டேபிள் போடுற அன்னைக்கே அந்த ஒரு நாளைக் குறிச்சிருங்க. பாளையங்கோட்டை, டவுன் பக்கத்துப் பள்ளிக்கூடம்னா முதல் தடவை நானும் கூட வாரேன். டேப், கயிறு, டின் எல்லாம் எங்கிட்ட இருக்கு, வரும்போது கொண்டு வாரேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை பக்கத்துப் பூகோள டீச்சர்