டாக்டரம்மா, குதிரையில் வந்தவனுக்குக் கேட்டது எது?

அன்புள்ள டாக்டர் டோரதி ஃபெரபீ அம்மாவுக்கு,

செப்டம்பர் 14 இந்த வருடமும் வந்து போனது. 1980இல் நீங்கள் கண்மூடிய நாள். உங்கள் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா சங்கத்தார் பெரிதாகக் கொண்டாடுவது ஜனவரி 15ஐத்தான். 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சங்கம் பிறந்த நாள் அது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குச் செப்டம்பர் 14தான் உறுத்துகிறது.

தெரிந்ததை உங்களுக்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. என்றாலும் முதுகுக்குப் பின்னால் நின்று படிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக நாலு வரி. கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்ளும் கல்லூரிச் சகோதரிச் சங்கங்களில், அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய முதல் சங்கம் இது. படிப்பு முடிந்தாலும் உறவு முடியாது; ஊருக்கு ஊர் பட்டதாரிக் கிளைகள் உண்டு. அந்தக் கிளைகள் திரட்டிய காசில் நடந்ததுதான், தெற்கு மாநிலமான மிசிசிப்பியின் கறுப்பினக் குடியானவர்களுக்கு மருத்துவம் கொண்டுபோன மிசிசிப்பி சுகாதாரத் திட்டம். 1935 தொடங்கி 1942 வரை, கோடையில் சில வாரங்கள். டாக்டரும் நர்ஸும் டீச்சரும் சம்பளம் வாங்காமல், சொந்த லீவில் போனார்கள். விதை போட்டவர் அப்போதைய தேசியத் தலைவி ஐடா ஜாக்சன், மிசிசிப்பியின் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1934இல் அதே மாநிலத்தின் லெக்சிங்டனில் கிராமத்து ஆசிரியர்களுக்குக் கோடைப் பள்ளி நடத்தப் போனவர், பாடத்துக்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும் என்று புரிந்துகொண்டு திரும்பினார். இயக்குநர் பொறுப்பு உங்களிடம் வந்தது. வீட்டில் உங்களுக்குச் சின்னஞ்சிறு இரட்டைக் குழந்தைகள். அதைப் பற்றிப் பொதுவெளியில் எழுத எனக்கு உரிமையில்லை, விட்டுவிடுகிறேன்.

மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஐந்து இடங்களில் கிளினிக் போட்டால் ஜனங்கள் வந்துவிடுவார்கள் என்பது முதல் கணக்கு. வரவில்லை. விளைச்சலில் பங்குக்கு உழுதவர்களைப் பண்ணையார்கள் வயலை விட்டு அனுப்பவில்லை. உடனே திட்டத்தையே திருப்பிப் போட்டீர்கள். வாஷிங்டனிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மைல் ஓட்டி வந்த கார்களே கிளினிக் ஆயின. மருந்துப் பெட்டி பண்ணைக்கே போனது. என்ன சாமர்த்தியம் அம்மா! இதை நினைத்தால் இன்றும் கை தட்டத் தோன்றுகிறது.

அங்கேதான் அந்தக் குதிரைக்காரர்கள் வருகிறார்கள். இடுப்பில் துப்பாக்கி, பூட்ஸில் சாட்டைக் கம்பு. கிளினிக்கை ஒட்டி ஒட்டியே குதிரையை விட்டுக்கொண்டு, உங்கள் பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்களாம். பின்னாளில் நீங்களே சொன்னது. எனக்கு இதைத் தாண்டி நகர முடியவில்லை.

குதிரையில் வந்த பண்ணைக் கங்காணிக்கு ஏன் இவ்வளவு பயம்? மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில், அர்க்கன்சாஸ் மாநிலத்தில், 1934 ஜூலையில்தான் கறுப்பரும் வெள்ளையருமாகக் குத்தகைக் குடியானவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வெளியூர்க் காரில் படித்த பெண்கள் வந்து இறங்கினால் சந்தேகம் வராதா? ஆனால் அதைவிட ஆபத்தான கேள்வி உங்கள் நர்ஸின் கையில் இருந்தது: ‘என்ன சாப்பிடுகிறாய்?’

சோளமாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு. வருடம் முழுக்க இதையே தின்றால் பெல்லாக்ரா வரும். வெயில் படுகிற புறங்கையிலும் கழுத்திலும் தோல் கறுத்து உரியும். அப்புறம் பேதி, அதன் பின் புத்தித் தடுமாற்றம், கடைசியில் சாவு. சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருந்தும், சும்மா அரைத்துச் சமைத்தால் உடம்பில் ஒட்டாது. இது கிருமியால் வருவதில்லை, சாப்பாட்டுக் குறையால் வருவது என்று டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1915இல் அதே மிசிசிப்பியின் சிறைப் பண்ணை ஒன்றில் காட்டியிருந்தார். பாலோ இறைச்சியோ கிடைத்தால் போதும். ஒன்றுமில்லாவிட்டால் காய்ந்த ஈஸ்ட் தூளாவது. மருந்து தெரியும், விலையும் அதிகமில்லை. பிறகு ஏன் கிடைக்கவில்லை? வாசல்படி வரைக்கும் பருத்தி. காய்கறிக்கு இடமில்லை. மளிகை பண்ணைக் கடையில் கடனுக்கு. அறுவடை முடிந்ததும் பண்ணையாரே எழுதி வைத்த கணக்கில் கழியும். ஆக, என்ன சாப்பிடுகிறாய் என்ற கேள்வியை இன்னும் இரண்டு படி தள்ளினால் கணக்குப் புத்தகத்தில் போய் முட்டும். குதிரைக்காரன் முட்டாள் இல்லை.

அந்த இரண்டு படியை உங்கள் கிளினிக்கில் ஏற முடியாது. பண்ணையார் சரி என்று சொல்லாமல் கார் உள்ளேயே போகாதே. அதனால் மிஞ்சியது அறிவுரை. பால் குடி, பச்சைக் காய் சேர்த்துக்கொள், பல் துலக்கு. மாடு இல்லாதவளிடம் பாலைப் பற்றிப் பேசுவது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வருகிறது. பட்டணத்துப் பெண்களின் பாடம் அது.

நியாயமில்லாத கோபம். தெரிகிறது, மன்னியுங்கள். ஒரு வார்த்தை தடித்திருந்தால் மறுநாள் கிளினிக்கே இருந்திருக்காது. அடி வாங்குவதும் நீங்களாக இருந்திருக்க மாட்டீர்கள், வரிசையில் நின்றவர்களாக இருந்திருப்பார்கள். மிசிசிப்பியில் பேச முடியாததை வாஷிங்டனில் பேசவென்று 1938இல் உங்கள் சங்கமே நார்மா பாய்டின் தலைமையில் நாடாளுமன்றத்துக்கு ஆள் வைத்து வாதாடத் தொடங்கியதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் ஊசிக் கணக்கை மட்டும் காட்டிப் பெருமைப்படுகிற பேச்சைக் கேட்டால் மறுபடியும் கோபம் ஏறிவிடுகிறது.

ஊசிக் கணக்கு எதுவரை போகும் என்பது மருத்துவ முகாம் நடத்துகிறவர்களுக்குப் புரியும். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டீர்கள். ஒரு தடவையோ சில தடவையோ போட்டால் பல வருடம் நிற்கிற வேலை, கார் கிளினிக்குக்குப் பொருத்தமானது. அதிலும் சிக்கல் உண்டு. அந்தக் காலத்து அம்மைப்பால் வெயிலில் சீக்கிரம் வீரியம் இழக்கும். போட்ட இடத்தில் கொப்புளம் எழும்பியதா என்று ஒரு வாரம் கழித்துக் கையைப் பார்க்க வேண்டும். அப்போது கார் எந்தப் பண்ணையில் இருக்குமோ. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இன்னும் மோசம். பென்சிலின் வராத காலம். ஆர்சனிக் மருந்தை ரத்தக் குழாயிலும் பிஸ்மத்தைச் சதையிலுமாக மாற்றி மாற்றி, வாராவாரம், ஒரு வருடத்துக்கு மேல் குத்த வேண்டும். சில வாரம் இருந்துவிட்டுப் போகிற டாக்டரால் நோயைக் கண்டுபிடிக்க முடியும், தீர்க்க முடியாது. பாதியில் விட்டால் திரும்பிவரும். உள்ளூரில் அதைத் தொடர டாக்டர் எங்கே?

1942இல் போர்க்கால ரேஷன் வந்தது. பெட்ரோல் இல்லை, டயர் இல்லை, திட்டம் நின்றது. அதே வருடம், நீங்கள் ஹோம்ஸுக்குப் பிறகு கிளினிக் நடத்திய பொலிவர் கவுண்டியில், மவுண்ட் பேயூவில், டபோரியன் மருத்துவமனை திறந்தது. கட்டியது இன்னொரு கறுப்பினச் சகோதர சங்கம். பெரியவர்களுக்கு வருடச் சந்தா 8.40 டாலர், அதற்கு 31 நாள் படுக்கை, அறுவை சிகிச்சை உட்பட. சந்தா கட்டியவர்களில் உங்கள் கிளினிக்குக்கு வந்தவர்களைப் போன்ற குடியானவர்களும் உண்டு. அவர்கள் கைக்காசில் நின்ற கட்டடம் டயருக்காகக் காத்திருக்கவில்லை. இதை உங்களைக் குத்திக்காட்டத்தான் எழுதுகிறேனா? கொஞ்சம் ஆமாம். சங்கத்துப் பெண்கள் படித்தால் வருத்தப்படுவார்கள். இருந்தாலும் எழுதியதை அழிக்கப் போவதில்லை.

1967இல் அதே மவுண்ட் பேயூவில் ஒரு சுகாதார மையம் வந்தது. நடத்த வந்தவர்கள் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார், 1924இல் நீங்கள் டாக்டர் பட்டம் வாங்கிய அதே டஃப்ட்ஸ். ஜாக் கைகர் தலைமையில் இருந்த டாக்டர்கள் மருந்துச் சீட்டிலேயே சாப்பாட்டை எழுதினார்கள். மளிகைக் கடை கொடுத்தது, பில் மருந்தகத்துக்குப் போனது. பக்கத்திலேயே ஒரு கூட்டுறவுப் பண்ணை, காய்கறி விளைவிக்க. நீங்கள் அப்போது வாஷிங்டனில், ஹோவர்டில் மாணவர் சுகாதாரத்தை நடத்திக்கொண்டிருந்தீர்கள். உங்கள் ஆண்டறிக்கைகளை அவர்களில் யாராவது கேட்டு வாங்கினார்களா அம்மா? வாங்கியிருந்தால் எந்தப் பக்கத்தை முதலில் பிரித்துக் காட்டினீர்கள்: தடுப்பூசிப் பட்டியலையா, என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதி வைத்ததையா?

அன்புடன்,
உங்களோடு இன்னும் சண்டை தீராத ஒரு வாசகர்