ஏட்டி சுண்டலு, நெத்திலி எழுதுதேன்

ஏட்டி சுண்டலு,

நீ பொங்கலுக்குப் போட்ட மெசேஜுக்கே நான் இன்னும் பதில் போடலை, நடுவுல உன்னோட ரெண்டு மிஸ்டு கால் வேற அப்படியே கெடக்கு, நீ மனசுக்குள்ள என்னைய எப்படியெல்லாம் திட்டிருப்பேன்னு நல்லாத் தெரியும். திட்டிக்கோ. வாய்ஸ் நோட் போடலாம்னு மூணு தடவை ஆரம்பிச்சேன், மூணு தடவையும் தொண்டை அடைச்சுக்கிடுச்சு, அதான் உக்காந்து டைப் அடிக்கேன். இப்ப எல்லாரும் நல்லாருக்கோம், அதை முதல்லயே சொல்லிருதேன், இல்லன்னா நீ பாதி படிக்கும்போதே போன் போட்டு அழ ஆரம்பிச்சுருவ.

பெரியவன் புனேல இருக்கான், காசு தீந்தா அம்மா ஞாபகம் வரும். இவரு எப்பவும் போல. அத்தைக்கு முட்டு வலி. குடும்ப நியூஸ் முடிஞ்சுது. விஷயம் சின்னவளப் பத்தி.

அவ வள்ளலார் ஆன கதைதான் உனக்குத் தெரியும்லா. இங்க மும்பையில, செம்பூர் மார்க்கெட்ல நண்டு வாங்கி அவ கையில பையைக் குடுத்துட்டு நான் கொத்தமல்லிக்குப் பேரம் பேசிட்டு நிக்கேன், வீடு வரைக்கும் பைக்குள்ள அது கரக் கரக்னு பிராண்டுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வந்துருக்கா புள்ள, வந்ததும் பையை சிங்க்ல வச்சுட்டு "இனிமே எனக்கு வேண்டாம்மா"ன்னுட்டுப் போயிட்டா. பதினாலு வயசு. நான் ஒரு வாரம்னு நினைச்சேன், இவரு மூணு நாள்னு சொன்னாரு. நீதான் "எங்க கட்சிக்கு ஒரு ஆள் வந்தாச்சு"ன்னு போன்ல கெக்கெக்கேன்னு சிரிச்ச. (கட்சியோட யோக்கியதை எனக்குத் தெரியாதா, ஹாஸ்டல்ல எவ டிபன் பாக்ஸ்ல எவ கை இருந்துச்சுன்னு உங்கம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லலை, ஞாபகம் வச்சுக்கோ.)

நான் சிரிச்சதோட நிக்கலைட்டி. எனக்குக் கோவம். தூத்துக்குடிக்காரி வீட்டுல, அதுவும் ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, தாதர் வரைக்கும் போயி மீனு வாங்கிட்டு வந்து குழம்பு வச்சா, ஒருத்தி மூக்கைப் பொத்திட்டு எந்திரிச்சுப் போறாளேன்னு. அதனால நான் என்ன செஞ்சேன் தெரியுமா, ஒண்ணுமே செய்யலை. அவளுக்குன்னு தனியா ஒரு பருப்பு வேக வைக்கலை, ஒரு பயறு ஊறப்போடலை. நாங்க குழம்பும் பொரிச்ச மீனுமா உக்காருவோம், அவளுக்குச் சோறு, ரசம், உருளைக்கிழங்கு, தயிரு, ஊறுகா. சைவம்தான வேணும், தின்னு. இப்படி ஒரு வருஷம் ஓடிருக்கு. மிச்ச வயித்தை அவ மேகி, வடா பாவ், பிஸ்கட்டு வச்சு ரொப்பிருக்கா, பத்தாங்கிளாஸ் டியூஷன் வேற, சாப்பிட்ட கையோட ஒரு டீ. யாருக்கும் தெரியாம நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், என் கண்ணு முன்னாலதான் நடந்துச்சு.

முடி கொட்டுச்சு, இந்த ஊரு தண்ணின்னு சொன்னேன். காலையில எந்திரிக்க முடியலைன்னா, போன் பாத்துட்டு லேட்டாத் தூங்குறன்னு கத்துனேன். ஃப்ரிட்ஜுல ஐஸ் ட்ரே எப்பப் பாத்தாலும் காலி. நடு ராத்திரி கடக் மொடக்னு சத்தம், எந்திரிச்சுப் பாத்தா ஃப்ரிட்ஜு வெளிச்சத்துல நின்னு ஐஸ் கட்டியைக் கடிச்சுத் திங்கா, பொட்டுக்கடலை திங்கிற மாதிரி, ஒண்ணு மாத்தி ஒண்ணு. தொண்டை கட்டும்டி மூதேவின்னு அதுக்கும் ஏசுனேன்.

ஜூன்ல ஒரு நாள் லிஃப்ட் ரிப்பேர். நாங்க நாலாவது மாடி. டியூஷன் விட்டு வந்தவ ரெண்டாவது மாடிப் படியிலயே உக்காந்துட்டா, கண்ணு இருட்டிட்டு, பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு சுவத்துல சாஞ்சு கெடந்துருக்கா, கீழ் வீட்டு மராத்திக்காரம்மா, நாங்க காக்கூன்னு கூப்பிடுவோம்லா, அவங்க பாத்துட்டுத்தான் வந்து கதவைத் தட்டுனாங்க. நான் அப்ப அடுப்புல என்ன வச்சுருந்தேன்னு கேக்காத.

டாக்டரம்மா அதிகம் பேசுற ஆளு இல்ல. கீழ் இமையை இழுத்துப் பாத்தாங்க, நானும் எட்டிப் பாத்தேன், செக்கச்செவேல்னு இருக்க வேண்டிய இடம் வெள்ளைக் கொய்யாவை அறுத்து வச்ச மாதிரி இருந்துச்சுட்டி. அடுத்து அவங்க கேட்ட மொத கேள்வி, "ஐஸ், சாக்பீஸ், பச்சரிசின்னு ஏதாச்சும் கடிச்சுத் திங்கணும்னு தோணுதா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. இரும்புச்சத்து கொறைஞ்சா அப்படி ஒரு வெறி வருமாம். நான் ஒரு வருஷமா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்துருந்துருக்கேன். ரத்த டெஸ்டு வந்துச்சு, ஹீமோகுளோபின் 8.9. அவ வயசுக்கு 12 இருக்கணும். வைட்டமின் பி12-வும் கொறைச்சல்.

நான் உடனே "பாத்தீங்களா டாக்டர், கறி மீன் திங்காததாலதான்"னு ஆரம்பிச்சேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு, "நீங்களும் குடுத்துட்டுப் போங்க ரத்தம்"னாங்க. எனக்கு எதுக்குன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டு வந்தேன்.

10.1.

வாரத்துல நாலு நாள் மீனு திங்கிறவளுக்கு 10.1 சுண்டலு. யோசிச்சுப் பாத்தேன், நான் என்னத்தத் திங்கேன்? நடுத்துண்டு இவருக்கு, இன்னொண்ணு அத்தைக்கு, பெரியவன் வந்தா அவனுக்கு ரெண்டு, எனக்குத் தலையும் வாலும் சட்டியில ஒட்டுன குழம்பும். எங்கம்மாவும் அப்படித்தான் தின்னா. நெத்திலின்னு பேரு வச்சதுக்கு நெத்திலி சைஸுக்குத்தான் தட்டுல விழுந்துருக்கு. நாட்டுல 15-லேர்ந்து 19 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு அரசாங்கமே எடுத்த கணக்கு சொல்லுதாம், பயலுகளுக்கு 31. இதுல எல்லாருமா சைவம்? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லட்டி, அவ மேல பழியைப் போட்டுட்டு நான் பாட்டுக்கு இருந்துருப்பேன்.

சரி, அழுது முடிச்சாச்சு. இப்ப நான் பாதி டாக்டர், கேட்டுக்கோ.

13-லேர்ந்து 15 வயசுப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்பு வேணுமாம், அதே வயசுப் பயலுக்கு 22 போதும், மாசாமாசம் போறதை யாரு ஈடு கட்டுறது. இதுல செடி கொடியிலேர்ந்து வர்ற இரும்பு உடம்புல அவ்வளவு லேசா ஒட்டாது. கூடவே எலுமிச்சை, நெல்லிக்கா, கொய்யான்னு வைட்டமின் சி உள்ளது ஏதாச்சும் உள்ள போனா நல்லா ஒட்டும், சாப்பாட்டோட டீ காப்பி குடிச்சா உள்ளதும் போச்சு. மாத்திரையும் அப்படித்தான், பாலோட போடக் கூடாது, எலுமிச்சைத் தண்ணியோட போடணும். நம்ம வீட்டுல சோறு தின்னு கை கழுவுன ஈரம் காயிறதுக்குள்ள டீ! அதை நிப்பாட்டத்தான் பெரிய சண்டை, இப்ப ஒரு மணி நேரம் கழிச்சுத்தான், அத்தை உட்பட.

அத்தை தினம் பீட்ரூட் ஜூஸும் மாதுளம்பழமுமா ஊத்துனாங்க, செவப்பா இருந்தா ரத்தம் ஊறுமாம். டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க, 100 கிராம் பீட்ரூட்ல ஒரு மில்லிகிராம் இரும்பு கூடத் தேறாதாம். அத்தைக்கு இன்னும் நம்பிக்கை வரலை, அந்தம்மா சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்ங்காங்க.

முருங்கைக்கீரைதான் எங்க வீட்டு ஹீரோ இப்ப. எங்க பில்டிங் காம்பவுண்டுலயே ஒரு மரம் நிக்கி, இத்தனை வருஷமா காய் மட்டும் பறிச்சோம். ராத்திரி கொப்பை ஒடிச்சு பழைய வேட்டித் துணியில சுத்தி வச்சுட்டா காலையில உதறுனா இலை தானா உதிருது பாரு, உங்கம்மா காட்டிக் குடுத்த வித்தை. சின்னவ அதைப் பாத்து வாயப் பொளந்துட்டா, அவளே வீடியோ எடுத்துப் போட்டுருக்கா. பருப்பைப் போட்டுப் பொரட்டி, இறக்கும்போது அரை எலுமிச்சம்பழம்.

அப்புறம் காக்கூ. எனக்கு இந்த மராத்திச் சாப்பாடுன்னா இளக்காரம், உனக்குத் தெரியும். அவங்க மட்கின்னு ஒரு பயறை ஊறவச்சு, துணியில கட்டித் தொங்கவிட்டு, ஒரு இஞ்சு வால் முளைக்க விட்டு உசல்னு ஒரு பயறுக் குழம்பு வைக்காங்க, இவ ரெண்டு கிண்ணம் திங்கா. முளை கட்டுனா பயறுல உள்ள இரும்பை உடம்பு நல்லா எடுத்துக்குமாம். இட்லி தோசைக்கும் மாவு புளிக்கிறதுல அதே நியாயம்தான். அவங்க குளித்னு சொல்றது நம்ம கொள்ளு, நாச்சணின்னு சொல்றது நம்ம கேவுரு, இருபது வருஷமா பக்கத்துலயே இருந்துருக்கு, நான் என்னமோ வேற சாமான்னு நினைச்சுத் தாண்டிப் போயிருக்கேன்! கேவுருல 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் கிட்ட கால்சியம் இருக்கு, பாலை விட மூணு மடங்கு. அதுக்காகப் பாலை விட முடியாது, அங்கதான் அடுத்த பஞ்சாயத்து.

நடுவுல அம்மணிக்கு பாலும் தயிரும் வேண்டாம்னு ஒரு ஞானோதயம், போன்ல யாரையோ பாத்துட்டு. பி12 செடி எதுலயும் கிடையாது, பால் தயிரும் விட்டா காலத்துக்கும் மாத்திரைதான்னு டாக்டரம்மா நேராச் சொன்னாங்க, மெரட்டாம, "உன் இஷ்டம், ஆனா தெரிஞ்சுட்டு செய்"னு. பரீட்சை முடியுற வரைக்கும் தயிரு உண்டுன்னு ஒப்பந்தம் ஆயிருக்கு.

ஆனா அன்னைக்கு அவங்க என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டு அவகிட்ட தனியாப் பேசுனாங்க. இருபது நிமிஷம். சில புள்ளைங்க எடை கொறைக்கணும்னு பட்டினி கெடக்குறதை சைவம்னு சொல்லி மறைக்குமாம், அதை விசாரிச்சுருக்காங்க. அந்த இருபது நிமிஷமும் அந்த பிளாஸ்டிக் சேர்ல நான் உக்காந்துருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். காலையில சாப்பிடாம ஓடுனது, சோத்தை ஒதுக்குனது, பழைய ஜீன்ஸ் லூஸானப்ப கண்ணாடி முன்னாடி திரும்பித் திரும்பிப் பாத்தது, எல்லாம் வரிசையா வருது. அப்படி ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. வர்ற வழியில ஆட்டோல நானே கேட்டேன், "உண்மையச் சொல்லு, நண்டுதானா?" அவ வெளிய பாத்துக்கிட்டே "இன்னும் அந்தச் சத்தம் கேக்குதும்மா"ன்னா. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க.

இப்ப ரெண்டு மாசம் மாத்திரை ஓடிருக்கு, 11.2. மலம் கருப்பாப் போகுதுன்னு ஒரு நாள் பாத்ரூம்லேர்ந்து அலறுனா, அது மாத்திரைதான்னு சொன்னப்புறம் அடங்குனா. 12-ஐத் தாண்டுன பிறகும் மூணு மாசம் போடணுமாம், உடம்புல சேமிப்பு ரொம்பணும்ல. எனக்கும் அதே மாத்திரைதான், ரெண்டு பேரும் நேருக்கு நேரா நின்னு மொகத்தைச் சுளிச்சுட்டு விழுங்குதோம். ஐஸ் ட்ரே ரெண்டு வாரமா ரொம்பியே இருக்கு.

இப்ப உன் பக்கம் வருவோம். உன் மவன் தயிர்சாதமும் சிப்ஸும் தவிர எதையும் தொடமாட்டான்னு போன தடவை பெருமையாவா சொன்ன, பொலம்புனியா? பிறவிச் சைவம், நமக்கென்னன்னு இருந்துராத, நானும் மீனு திங்கிற திமிருல இருந்தவதான். அவனுக்கும் டெஸ்ட் எடு. உனக்கும் எடு. ஸ்கூல்ல வாரம் ஒரு நீல மாத்திரை புள்ளைங்களுக்கு நீதான குடுக்க, பாதிப் பேரு ஜன்னல் வழியாத் தோட்டத்துல எறியுதுன்னு சொல்லிச் சிரிச்சியே, இனிமே நின்னு முழுங்க வைட்டி, பிடி டீச்சர் விசிலை ஊதியாவது.

கடைசியா நான் உனக்கு எழுதுனதுக்கு அசல் காரணம். உங்கம்மா வீட்டுல ஒருத்தரும் படியில மயங்கி விழுந்ததா நான் பாத்ததில்ல. அந்த அடுக்களையில எந்நேரமும் ஏதாச்சும் ஒண்ணு ஊறிக்கிட்டே கெடக்கும், தட்டப்பயறு, மொச்சை, கொள்ளு, அவங்க மெனக்கெட்டு செய்யுறாங்கன்னே நமக்குத் தெரிஞ்சதில்ல. பருப்புப் பொடியும் கொள்ளுத் துவையலும் அளவு கேட்டு எழுதி அனுப்பு. கையளவு, ஒரு குத்துன்னு சொல்லுவாங்க, விடாத, பக்கத்துல நின்னு டம்ளர்ல அளந்து பாத்து எழுது. உளுந்து சேப்பாங்களா, பொட்டுக்கடலை மட்டுமா? எள்ளு வறுத்தா போடுவாங்க?

பொடியா மட்டும் கொரியர்ல அனுப்பிராத, போன தடவை டப்பா தொறந்து என் பட்டுச் சேலை பூரா பெருங்காய வாடை, அதைக் கட்டிட்டு செம்பூர் முருகன் கோயிலுக்குப் போனா பக்கத்துல நின்னவ பசிக்குதுங்கா.

அம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு. நெத்திலி மேட்டரை நான் சொல்ல மாட்டேன்னும் மனசுக்குள்ள சொல்லிக்கோ.

உன்
நெத்திலி