எல்கேஜி பிள்ளையின் வீட்டுப்பாடத்தை யார் எழுதுகிறார்கள்? தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாளாளர்களுக்கும் பிரின்சிபால்களுக்கும் வணக்கம்.

திருப்பூரில் இருந்து எழுதுகிறேன். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு பள்ளிதான் இப்படி என்று ஆகிவிடும், மற்றவர்கள் எல்லாம் "நல்லவேளை, நாம இல்லை" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். மெட்ரிக், சிபிஎஸ்இ என்ற வித்தியாசமும் இதில் பெரிதாக இல்லை. எங்கள் வீட்டில் யுகேஜியில் ஒன்று, இரண்டாம் வகுப்பில் ஒன்று. நான் பேச வந்தது வீட்டுப்பாடத்தைப் பற்றி மட்டும். ஃபீஸ், யூனிஃபார்ம், ஆண்டுவிழா டிரஸ் எல்லாம் இன்னொரு நாள்.

பிள்ளைகள் வேனில் இருந்து இறங்குவதற்கு முன்பே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வந்துவிடுகிறது. இங்கிலீஷ் ஒரு பக்கம், கணக்கில் 1 முதல் 50 வரை, தமிழ் உயிரெழுத்து இரண்டு தடவை, இந்தி வேறு, அப்புறம் ரைம்ஸ் வீடியோ லிங்க், அதைப் பார்த்துப் பாடி ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும். மறுநாள் ஏதாவது 'டே' என்றால் மஞ்சள் சட்டை, மஞ்சள் பழம், மஞ்சள் சார்ட். இது ராத்திரி எட்டு மணிக்கு வரும், அதற்கு மேல் எந்தக் கடையில் போய் மஞ்சள் சார்ட் வாங்குவது? பள்ளிப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்காரருக்கு மட்டும் இந்த விஷயத்தில் எந்தக் குறையும் இல்லை, அவர் ரெடிமேட் புராஜெக்டே வைத்து விற்கிறார்.

இதையெல்லாம் எழுதுவது யார் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாலு வயசுப் பிள்ளையின் கையைப் பிடித்து அம்மா எழுதுகிறார், இல்லையென்றால் டியூஷன் மிஸ் எழுதுகிறார். எல்கேஜிக்கு டியூஷன் என்று ஒன்று இருப்பதே எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? இந்த ஊரில் பாதி வீடுகளில் அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வர ராத்திரி எட்டரை, ஒன்பது ஆகும். அதற்கு மேல் அந்த ஆங்கில மெசேஜை வாசித்துப் புரிந்து, பிள்ளையை எழுப்பி உட்கார வைத்து எழுத வைக்க முடியாது என்பதால்தான் தெருவுக்கு நாலு டியூஷன் போர்டு தொங்குகிறது. உங்களிடம் ஒரு ஃபீஸ் கட்டிவிட்டு, நீங்கள் கொடுத்த எழுத்து வேலையை முடிக்க இன்னொரு இடத்தில் ஒரு ஃபீஸ். எட்டு மணிக்கு வேன் ஏறிய பிள்ளை டியூஷன் முடிந்து ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறது. கிட்டத்தட்ட அதுவும் ஒன்றரை ஷிப்ட்தான் பார்க்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018 மே மாதமே சொல்லிவிட்டது. நீதிபதி கிருபாகரன் அந்தத் தீர்ப்பில் குழந்தைகள் பளு தூக்குபவர்கள் இல்லை என்கிற அர்த்தத்தில் சொன்ன வரி அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதே வருஷம் நவம்பரில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது: ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கிடையாது, மொழியும் கணக்கும் தவிர வேறு பாடம் கிடையாது, பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அப்புறம் 2020இல் வந்த பள்ளிப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம் போதும் என்கிறது, எல்கேஜி, யுகேஜிக்குப் பையே வேண்டாம் என்கிறது. ஆம், பையே வேண்டாம். எங்கள் யுகேஜிப் பிள்ளையின் பையில் ஜிகே புத்தகம், கம்ப்யூட்டர் புத்தகம் எல்லாம் இருக்கிறது. மவுஸுக்குக் கலர் அடிக்கிற கம்ப்யூட்டர் புத்தகம்.

இந்தக் காகிதங்கள் எதுவும் உங்களுக்குப் புதுசு இல்லை. ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில் பையைக் குறைத்து அனுப்பச் சொல்லிக் குழுவில் மெசேஜ் வரும்போது எங்களுக்கே அது புரிந்துவிடுகிறது.

எழுத்து விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறக்கும்போது மணிக்கட்டு எலும்புகள் எல்லாம் குருத்தாகத்தான் இருக்கும், எட்டும் ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு முடிய ஏறத்தாழப் பத்து, பன்னிரண்டு வயசு வரை ஆகும். மூணரை வயசில் நாலு கோட்டு நோட்டில் கர்சிவ் எழுத வைத்தால் அந்தப் பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்துகிறது, கை வலிக்கிறது என்று அழுகிறது, உடனே 'ரைட்டிங் இம்ப்ரூவ் பண்ணணும்' என்று டைரியில் எழுதி அனுப்புகிறீர்கள். களிமண் பிசைவது, மணி கோர்ப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது இதெல்லாம்தான் அந்த வயசுக் கைக்குப் பயிற்சி என்று மாண்டிசோரி டிரெயினிங் முடித்த உங்கள் மிஸ்களுக்கே நன்றாகத் தெரியும், செய்யத்தான் அவர்களுக்கு நேரம் இல்லை, ஏனென்றால் முப்பது நோட்டுகளில் டிக் போட்டு முடிக்க வேண்டும்.

அந்த மிஸ்களைப் பற்றி எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உங்களிடம் வாங்குகிற சம்பளத்துக்கு ராத்திரி ஒன்பது மணிக்கும் குழுவில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை ஒன்று இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தது. மூன்று, நாலு வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும், பத்து முதல் பதிமூன்று மணி நேரம் தூங்க வேண்டும், போன், டிவி எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. காலையில் ஆறரைக்கு எழுப்பி, ராத்திரி பத்து மணிக்குப் படுக்கிற பிள்ளைக்கு இதில் எது நடக்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். 'பிள்ளைகளுக்கு போன் கொடுக்காதீர்கள்' என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் அறிவுரை சொல்கிறீர்கள், நல்லது, ஆனால் ரைம்ஸ் லிங்க் வருவது எதில்?

'நாங்கள் நிறுத்தத் தயார், பேரண்ட்ஸ்தான் கேட்கிறார்கள்' என்பீர்கள். பொய் இல்லை. "இவ்வளவு கட்டுகிறோம், நோட்டில் ஒண்ணுமே எழுதலையே" என்று வந்து நிற்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள், லீவு விட்டாலும் 'மேம், ஹோம்வொர்க்?' என்று கேட்கிற ஆட்கள். ஆனால் இந்த ஆசையை வளர்த்தது யார்? மே மாசம் பல்லடம் ரோடு முழுக்க 'எல்கேஜியிலேயே சரளமான ஆங்கிலம்' என்று பேனர் கட்டியது நாங்கள் இல்லையே. இன்னொன்று, வேனில் இன்னும் பத்துப் பிள்ளையை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று பெற்றோரே எழுதிக் கொடுத்தாலும் ஏற்றுவீர்களா? விதி இருக்கிறது, முடியாது என்பீர்கள். அதே வார்த்தையை இதற்கும் சொல்லலாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அங்கே 2022இல் இருந்து எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது, பாட்டு, பொம்மை, அட்டை, கதை என்று பாடம் போகிறது. அதற்கு ரொம்ப வருஷம் முன்பே, 2003இல், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் அட்டைகளை வைத்துத் தொடங்கியாயிற்று. அரசுப் பள்ளியில் எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை, குறைகள் அங்கேயும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை சாயங்காலம் வாசலில் சைக்கிள் ஓட்டுகிறது, எங்கள் வீட்டுப் பிள்ளை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே 'டூ த்ரீஸ் ஆர் சிக்ஸ்' எழுதுகிறது. இதற்கு நாங்கள் வருஷத்துக்கு இவ்வளவு கட்டுகிறோம் என்பதுதான் ரொம்ப உறுத்துகிறது.

அப்போ வீட்டில் ஒன்றுமே செய்ய வேண்டாமா என்றால், தாராளமாகச் சொல்லுங்கள். அப்பத்தாவிடம் ஒரு கதை கேட்டுக்கொண்டு வா, வீட்டில் இன்று என்ன காய் வாங்கினார்கள் என்று பார்த்து வந்து சொல், இப்படி. நோட்டில் ஏறாத வேலையாக, அடுத்த நாள் செய்யாமல் வந்தால் நிற்க வைக்காத வேலையாக இருந்தால் போதும்.

கேட்பது இவ்வளவுதான். வரும் ஜூனில் அச்சடிக்கிற டைரியின் முதல் பக்கத்தில், இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை என்று தமிழிலும் போடுங்கள். வகுப்புக் குழுவில் மாலை ஆறு மணிக்கு மேல் மெசேஜ் வேண்டாம், லீவு, பஸ் தாமதம் மாதிரி அவசரம் தவிர. பேனரில் இருந்து அந்த 'சரளமான ஆங்கிலம்' வரியை எடுத்துவிட்டால் பாதிப் பெற்றோர் தானாகவே அமைதியாகிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாத மீதிப் பேரிடம் பேச ஒரு கூட்டம் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போடுங்கள், கம்பெனி லீவு, அப்பாக்களும் வருவார்கள்.