இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. கபடியில் நம் பிள்ளைகள் வட்டார அளவில் ஜெயித்தார்கள், திருக்குறள் ஒப்புவித்தலில் பரிசு வாங்கினார்கள், மழை நாட்களிலும் வருகை பெரிதாகக் குறையவில்லை. குடிநீர்த் தொட்டியும் கழுவியாயிற்று. எல்லாருக்கும் பாராட்டுகள்.

சரி, ஏழாம் வகுப்பின் சமூக அறிவியல் கண்காட்சிக்கு வருகிறேன். ஒரு தீவு நாட்டின் நிலம், காலநிலை, மக்கள் என்பது தலைப்பு. பெரும்பாலான பிள்ளைகள் இலங்கையை எடுத்ததில் ஆச்சரியமில்லை. நம் பக்கம் பழைய வீடுகளில் கொழும்புக் கதை ஒன்றாவது இருக்கும்.

மேசை மேசையாகச் சுற்றி வந்தேன். 11 தெர்மாகோல் தீவுகள். பதினொன்றிலும் ஒரே மலை, உச்சியில் வெள்ளைப் பஞ்சு. அந்நாட்டின் மிக உயர்ந்த பிதுருதாலகால மலையே 2,524 மீட்டர்தான். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் அந்த உயரத்துக்குப் பனிமலை ஏது? நுவரெலியாவில் எப்போதாவது விடியற்காலையில் உறைபனி படியும், அவ்வளவுதான். பஞ்சு எதற்கு என்று ஒரு பையனைக் கேட்டேன். “கடைக்கார அண்ணன் ஒட்டினது சார்” என்றான். மகாவலி கங்கையும் அந்த அண்ணன் கைவண்ணத்தில் கொழும்புப் பக்கம் ஓடியது. 335 கிலோமீட்டர் ஓடி, கிழக்கே திருகோணமலை அருகே கடலில் சேரும் ஆறு அது.

கடைசி மேசையில் ஒரு சிறுமி தாம்பாளத்தில் செம்மண்ணைக் குழைத்துத் தீவு செய்திருந்தாள். வடிவம் கோணல், எழுத்துப்பிழை ஏழு. ஆனால் ஒரு பக்கமிருந்து தண்ணீரைத் தெளித்துக் காட்டினாள் பாருங்கள்! மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழையை நடுவில் உள்ள மலைநாடு தடுத்துத் தென்மேற்கிலேயே கொட்டவைக்கிறது. வடக்கும் கிழக்கும் அப்போது காய்கின்றன. அவற்றுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. “நமக்கும் அப்பத்தானே சார்? நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மறைக்குது, அவங்களுக்கு அவங்க மலை” என்றாள். அந்த வறண்ட பக்கத்தில் 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னர் கட்டிய பெரிய ஏரியையும் நம் ஊருணியையும் சேர்த்துவைத்துப் பேசினாள்.

மக்கள் பகுதிக்கு அவள் அப்பத்தாவைக் கேட்டிருக்கிறாள். கொழும்பு செட்டியார் தெருவில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, வேலைக்குச் சேர்ந்த ஐயா, அங்கே நடக்கும் ஆடிவேல் விழா, எல்லாம் வந்தது. யாழ்ப்பாணத் தமிழர் வேறு, நம் மாவட்டங்களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போன மலையகத் தமிழர் வேறு என்பதும், 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் இவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாக நின்றார்கள் என்பதும் அந்த ஏழு பிழைகளுக்கு நடுவே இருந்தன.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளை இரவு ஒன்பது மணிக்குத்தான் “நாளைக்கு ப்ராஜெக்ட்” என்று வாய் திறக்கும். வேலை முடித்துக் களைத்து வந்தவர் என்ன செய்வார்? எங்கள் பக்கமும் தவறு உண்டு. நான்கே நாள் அவகாசம் கொடுத்தோம். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னதும் நாங்கள்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பருவத்திலிருந்து கடையில் செய்து வாங்கியதற்கு மதிப்பெண் கிடையாது. யார் வீட்டுப் பிள்ளையானாலும், யார் வந்து பேசினாலும் கிடையாது. செய்துவந்ததைப் பற்றி மூன்று கேள்வி கேட்போம். பதிலைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

இனி இரண்டு வாரம் அவகாசம் தருகிறோம். அட்டை வெட்டித் தாருங்கள், பசை காயும்வரை பிடித்துக்கொள்ளுங்கள், தவறில்லை. வீட்டுப் பெரியவர்களைப் பேசவிடுங்கள். பழைய கொழும்புக் கடிதங்கள் இருந்தால் பிள்ளைக்குக் காட்டுங்கள்; பள்ளிக்கு மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம், தொலைந்தால் எங்களால் ஈடுகட்ட முடியாது.

கண்காட்சிக்கு மேசையும் சாமியானாவும் தந்தவர்களுக்கும், அத்தனை பிள்ளைகளுக்கும் சீயம் சுட்டு அனுப்பிய தாய்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. தெர்மாகோல் தீவுகளை வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துச்செல்லுங்கள். தாம்பாளம் அன்று மாலையே போய்விட்டது, அப்பத்தா நேரில் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்