அடுத்து வாங்குபவரின் கணக்கு

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. மூன்றாண்டு ஓடிய சொகுசு செடான் ஒன்று புது விலையில் ஏறத்தாழ பாதிக்கே வருகிறது என்பதில் உனக்கு ஏற்பட்டிருக்கும் உற்சாகம் வரிக்கு வரி தெரிகிறது. வங்கியின் வாகனக் கடன் பிரிவில் இருந்த காலத்தில் பழைய வண்டிகளின் மதிப்பீட்டு அறிக்கைகளைப் படித்துப் படித்து எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காரின் மறுவிற்பனை விலை, அது எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதைக் காட்டிலும், அதை அடுத்து வாங்குபவர் எந்தச் செலவுக்கு அஞ்சுகிறார் என்பதைத்தான் பெரிதும் பொறுத்திருக்கிறது.

புதுக் கார் முதல் ஆண்டிலேயே விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழப்பதும், ஐந்தாண்டில் பாதியை ஒட்டி வந்து நிற்பதும் பொதுவான போக்கு. முதல் ஆண்டில் எஞ்சின் அப்படி ஒன்றும் தேய்ந்துவிடுவதில்லை; வாங்கிய சில மாதங்களிலேயே விற்க வருகிறாரே, வண்டியில் என்ன கோளாறோ என்ற சந்தேகமும் அந்த இழப்பில் சேர்ந்திருக்கிறது. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்களையே எடுத்துக்காட்டாக வைத்து இதை விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல வண்டிக்கும் சந்தேக விலையே கிடைக்கும் என்பதால், நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் விற்காமல் ஒதுங்கிக்கொள்வார்கள், கடைசியில் மோசமானவையே சந்தையில் மிஞ்சும் என்பது அவர் வாதம். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வுகளில் இது முதன்மையானது.

நீ பார்த்து வைத்திருக்கும் வகைக்கு வருகிறேன். மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ், பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் போன்ற பெரிய சொகுசு செடான்கள்தாம் பெரும்பாலும் வேகமாக விலை இறங்குகின்றன. கார் பாதி விலைக்கு வந்தாலும் அதன் ஏர் சஸ்பென்ஷனும் (குலுக்கலைத் தாங்கும் காற்றடைத்த அமைப்பு) மின்னணுப் பாகங்களும் பாதி விலைக்கு வருவதில்லை. பழுது என்று போனால் புதுக் காரின் தரத்துக்கேற்ற பில்தான் கைக்கு வரும். புது விலை கொடுக்க வசதி உள்ளவர் புதிய மாடலையே விரும்புவார், வசதி இல்லாதவர் பராமரிப்பை நினைத்துப் பின்வாங்குவார். இந்த இருவருக்கும் நடுவில் வாங்க ஆளில்லாமல் வண்டி நிற்கிறது. அதே சமயம் டொயோட்டாவின் லேண்ட் குரூசரும் ஹைலக்ஸும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகும் நல்ல விலைக்குப் போகின்றன. எந்த மூலையிலும் ஒரு மெக்கானிக் அவற்றைத் திறந்து பார்ப்பார், உதிரிபாகமும் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கே அந்த விலை. விலையுயர்ந்த காரெல்லாம் விழும் என்றும் எண்ணிவிடாதே. போர்ஷே 911 பல பத்தாண்டுகளாகத் தன் சாயலை மாற்றிக்கொள்ளாததால், புது மாடல் வந்தாலும் பழையது பழசாகத் தெரிவதில்லை. அதன் விலையும் நன்றாகவே நிற்கிறது.

என் பக்கத்துச் செய்தி, பத்தாண்டுக்கு மேல் ஓட்டிய என் சிறிய ஹாட்ச்பேக்கைச் சென்ற மாதம் விற்றுவிட்டேன். வாங்க வந்தவர் எஞ்சினைக் கடைசியாகத்தான் பார்த்தார். முதலில் கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்திருப்பதையும் ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் ஒப்பிட்டார். பிறகு குனிந்து ஒவ்வொரு டயரிலும் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்தார். முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. முன்சக்கரத்தின் மேல் மூடியிருக்கும் தகடான ஃபெண்டரின் போல்ட்டுகளில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்று நகத்தால் தடவினார், உடைந்திருந்தால் அதை ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். எல்லாம் முடிந்து சர்வீஸ் புத்தகத்தை நீட்டியதும் பேரம் வெகுவாகத் தளர்ந்தது. ஒரே ஓனர், விடாத சர்வீஸ் என்ற இரண்டுக்கும் அவர் கொடுத்த மதிப்பை, நான் மாற்றிப் போட்ட புது ஸ்டீரியோவுக்குக் கொடுக்கவே இல்லை.

மின்சாரக் காரையும் கேட்டிருந்தாய். அங்கே அச்சம் முழுவதும் பேட்டரியின் மேல். நிசான் லீஃபின் தொடக்க கால பேட்டரிகளுக்குத் திரவக் குளிர்விப்பு இல்லாததால் வெப்பமான ஊர்களில் அவற்றின் திறன் விரைவாகக் குறைந்தது, மறுவிற்பனை விலையும் கூடவே சரிந்தது. ஆனால் பேட்டரியை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 2023 ஜனவரியில் டெஸ்லா தன் புதுக் கார்களின் விலையைப் பெருமளவு குறைத்தபோது, ஏற்கெனவே வாங்கியவர்களின் கார்கள் நின்ற இடத்திலேயே மதிப்பிழந்தன. வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ் 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சாரக் கார்களை விற்கப்போவதாக அறிவித்தது. அவ்வளவு வண்டிகள் மொத்தமாக வந்து விழும் சந்தையில் தனி ஆள் என்ன விலை கேட்க முடியும்? பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டைப் பற்றியும் தொடக்கத்தில் இதே பேட்டரிப் பயம் இருந்தது. 1997-இல் வந்த டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸ் பல ஆண்டுகள் டாக்ஸியாக ஓடிக் காட்டிய பிறகு அது அடங்கியது. மின்சாரக் காருக்கும் அப்படி ஒரு காலம் வரலாம் என்றே நினைக்கிறேன்.

நிறுவனமே மூடிப்போனால் நிலைமை இன்னும் மோசம். 2011-இல் ஸ்வீடனின் கார் நிறுவனமான சாப் திவாலானபோது அந்தக் கார் வைத்திருந்தவர்கள் பாகத்துக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டார்கள். இத்தனைக்கும் விதிவிலக்காக, 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார்கள் வராமல்போக, சில பழைய கார்கள் புது விலையையும் தாண்டின. அதைப் பார்த்துக் காரை முதலீடு என்று பேசியவர்கள் இப்போது பேசுவதில்லை.

உன் செடானை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைசிவரை நீயே ஓட்டுவதாக இருந்தால், பெரிய இழப்பை முதல் ஓனர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பது உனக்கு லாபமே. நான்காண்டில் விற்றுவிடும் எண்ணம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். எதற்கும் முன்பணம் கொடுக்குமுன், வாரண்டி எத்தனை மாதம் மீதமிருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்; சஸ்பென்ஷன் மாற்ற என்ன செலவாகும் என்பதை வெளியில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி எனக்கு அனுப்பு. சர்வீஸ் புத்தகத்தின் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பினால், இரண்டையும் பார்த்துவிட்டு எவ்வளவு கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்